குச்சிக்குள் இருக்கும் புழு எது? செடியைத் துளைக்கும் அந்துப்பூச்சிப் புழுக்களை இனம் காண முழுமையான வழிகாட்டி

கத்தரிச் செடியின் நுனி தொங்கிப்போயிருக்கிறது. பார்த்தவுடன் கிள்ளி, நகத்தால் பிளந்து, உள்ளே நெளியும் புழுவை உள்ளங்கையில் வைத்து "இது என்ன புழு?" என்று கேட்கிறார்கள். அதற்குள் பதிலின் பாதி தரையில் விழுந்துவிட்டது. துளை எந்த இடத்தில் இருந்தது, புழுவின் எச்சம் ஈரமாக இருந்ததா, சுரங்கம் எவ்வளவு தூரம் போயிருந்தது என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை.

இலையைத் தின்னும் புழுக்களுக்குக் கோடும் புள்ளியும் நிறமும் உண்டு. குச்சிக்குள் வாழும் புழுக்கள் பெரும்பாலும் வெளிறிய உடலும் பழுப்புத் தலையுமாக ஒன்றுபோலவே இருக்கும். புழுவை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல முயல்பவர் ஏமாறுவது இதனால்தான். செடி, துளை, எச்சம், சுரங்கம் ஆகிய நான்கையும் படித்த பிறகு புழுவைப் பார்த்தால், சந்தேகம் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சுருங்கிவிடும். எனவே இந்த வழிகாட்டியில் குச்சியை வெட்டுவது ஐந்தாவது படியில்தான் வருகிறது. அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தமிழ்நாட்டு வயலிலும் வீட்டுத் தோட்டத்திலும் மலைத் தோட்டத்திலும் அடிக்கடி கண்ணில் படும் செடிகளையே எடுத்துக்கொள்கிறேன்: கத்தரி, வெண்டை, பருத்தி, செம்பருத்தி, ஆமணக்கு, எலுமிச்சை, கொய்யா, காபி, தேயிலை.

1. கிளம்பும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று கட்டாயம். அதைவிட அதிகம் பெரிதாக்கும் லென்ஸை வாங்காதீர்கள். பார்வைப் பரப்பு சுருங்கி, வெயிலில் கை நடுங்கும்போது எதுவும் தெரியாது.

கிளை வெட்டும் கத்தரி, புதிய பிளேடு, மெல்லிய ஓவியத் தூரிகை, மில்லிமீட்டர் அளவுகோல், வெள்ளைத் தாள்கள், பென்சில், குறிப்பேடு ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம். ஈரம் பட்டால் மை கரையும், புழுவைப் பாதுகாக்கும் ஸ்பிரிட்டில் முற்றிலும் அழிந்துபோகும்.

மூடியுள்ள சிறு டப்பாக்கள் பத்தாவது வேண்டும். அவற்றில் ஒன்றிரண்டு நிறமற்ற, அடிப்பகுதி தெளிவாகத் தெரியும் பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கட்டும். அதன் பயன் ஆறாவது படியில் வரும். ஒரு டப்பாவில் ஒரு குச்சி, ஒரு புழு. இரண்டு செடிகளின் குச்சிகளை ஒரே பையில் போட்டு வீட்டுக்கு வந்து, எந்தப் புழு எதிலிருந்து வந்தது என்று திகைப்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

தோட்டக்காரரிடம் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: கடைசியாக மருந்து அடித்தது எப்போது? அண்மையில் அடித்திருந்தால் குச்சிக்குள் செத்த புழு கிடைக்கலாம், உயிரோடு கிடைப்பதும் வளர்க்கும்போது இறக்கலாம். உங்கள் கைக்கும் அது நல்லதல்ல.

2. செடியின் பெயரை முதலில் எழுதுங்கள்

தண்டைத் துளைக்கும் புழுக்களில் பல, ஒரு குடும்பத்துச் செடிகளையே நாடுபவை. கத்தரித் தண்டில் இருக்கும் புழுவை வெண்டையில் தேடிப் பயனில்லை. வெண்டை, பருத்தி, செம்பருத்தி, துத்தி நான்கும் ஒரே குடும்பம் என்பதால் அவற்றுக்கு ஒரே புழு பொதுவாக இருக்கலாம். செடியின் பெயர் எழுதியதுமே பட்டியலில் பெரும்பகுதி அடிபட்டுப்போகிறது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஆமணக்கைத் துளைக்கும் மஞ்சள் நிற அந்துப்பூச்சியின் (சுருக்கமாக அந்து) புழு, மஞ்சள், இஞ்சி, ஏலக்காய், கொய்யா என்று உறவே இல்லாத பயிர்களிலும் வரும். காபியின் சிவப்புத் துளைப்பானுக்கும் உணவுச் செடிகள் பல.

செடி தெரியாவிட்டால் இலை, பூ, காய் மூன்றையும் படமெடுத்துக்கொண்டு, "பெயர் தெரியாத புதர்" என்று நேர்மையாக எழுதுங்கள். ஊகித்து எழுதிய பெயர் பின்னால் வரும் எல்லா முடிவுகளையும் கெடுக்கும்.

3. விடிகாலையில் தேடுங்கள்

நண்பகலில் போனால் தோட்டம் முழுவதும் நுனிகள் தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் பற்றாக்குறையாலும் வெயிலாலும் வாடியவை அவை. இரவில் செடி நீரை மீட்டுக்கொள்வதால், விடிகாலையில் நல்ல நுனிகள் நிமிர்ந்திருக்கும். உள்ளே நீர் ஏறும் குழாய் அறுபட்ட நுனி மட்டும் அப்போதும் தலை தொங்கியிருக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டிய நுனி.

அதிலும் இன்று நேற்று வாடியதை எடுங்கள். முழுவதும் கருகிக் காய்ந்த நுனியே கண்ணை இழுக்கும், ஆனால் அதில் புழு இருப்பது அரிது. உணவு தீர்ந்ததும் அது பக்கத்துக் குருத்துக்கோ காய்க்கோ நகர்ந்திருக்கும். இளைஞர் ஒருவர் என் கண்முன்னே இருபதுக்கும் மேற்பட்ட காய்ந்த கத்தரி நுனிகளைப் பிளந்து, எல்லாம் காலியாக இருந்ததால், புழுவே இல்லை, இது நோய்தான் என்று முடிவுகட்டினார். பச்சை மாறாமல் சற்றே சாய்ந்திருந்த மூன்று நுனிகளைக் காட்டினேன். மூன்றிலும் புழு இருந்தது.

வாடிய நுனியில் துளையே இல்லை என்றால் நின்று யோசியுங்கள். தேயிலையில் கொசு நாவாய்ப்பூச்சி சாறு உறிஞ்சினாலும் குருத்து கருகும். பூஞ்சை நுனிக்கருகலும் அப்படித்தான் தோன்றும். துளை இல்லாத குச்சியைப் பிளந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

4. வெட்டும் முன் துளையையும் எச்சத்தையும் படியுங்கள்

எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போகும் படி இது. நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

முதலில் துளையின் அளவு. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில், குண்டூசியால் குத்தியதுபோல வட்டமாக இருந்தால் அது அந்துப்பூச்சியின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. ரோபஸ்டா காபியின் இளங்கிளைகளில், அடிப்பக்கத்தில், இப்படியொரு பொட்டு இருக்கும். அது சிறு வண்டான குச்சித் துளைப்பானின் வாசல். தேயிலையிலும் இதேபோல் பொட்டுத் துளை போடும் வண்டு உண்டு. அந்துப்பூச்சிப் புழு வளர வளர வாசலை அகலப்படுத்தும். அதனால் பல மில்லிமீட்டர் அகலமும், ஒழுங்கற்ற விளிம்பும் காணப்படும்.

அடுத்து துளையின் இடம். குருத்தின் நுனியிலா, இலைக்காம்பின் அடியிலா, கிளை பிரியும் கவையிலா, தரையை ஒட்டிய தண்டிலா? தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். "தண்டில் துளை" என்று மட்டும் எழுதினால் கத்தரியின் இரண்டு புழுக்களைப் பிரிக்கவே முடியாது.

மூன்றாவது எச்சம். புழுவின் எச்சம் அருவருப்பானது என்று ஊதித் தள்ளிவிடுபவர்கள் மிக நல்ல சாட்சியத்தை ஊதித் தள்ளுகிறார்கள். வெள்ளைத் தாளில் தட்டி, லென்ஸில் பாருங்கள். தனித்தனி உருண்டைகளாக இருக்கிறதா, மாவுபோல் இருக்கிறதா, நார்போல் இருக்கிறதா, நூலால் கோத்துத் துளை வாயில் ஒட்டியிருக்கிறதா? காபிச் செடியின் அடியில் சிறு உருண்டைகள் கொட்டிக் கிடந்தால் மேலே எங்கோ சிவப்புத் துளைப்பான் இருக்கிறது. மாவுத்தூள் என்றால் பொட்டுத் துளை வண்டைத் தேடுங்கள். எச்சம் வெளியே வராமல் சுரங்கத்துக்குள்ளேயே கெட்டியாக அடைபட்டிருந்தால், அராபிகா காபியில் அது வெள்ளைத் தண்டுத் துளைப்பான். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் அது நீள்கொம்பு வண்டு, அந்துப்பூச்சி அல்ல.

நூல் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். தண்டைக் குடையும் வண்டுப்புழுக்கள் நூல் நூற்பதில்லை. எச்சம் நூலில் கோத்திருந்தால் உள்ளே இருப்பது அந்துப்பூச்சிப் புழு என்று பெருமளவு நம்பலாம்.

எச்சம் ஈரமாக, வெளிர் நிறமாக இருந்தால் புழு உள்ளே இருக்கிறது. காய்ந்து கறுத்திருந்தால் ஐயம். அப்போது எச்சத்தைத் துடைத்துவிட்டு, செடியின் அடியில் வெள்ளைத் தாளைக் கல் வைத்து விரித்துவிட்டு, மறுநாள் காலையில் வந்து பாருங்கள். புதிய எச்சம் இருந்தால் மட்டுமே வெட்டுங்கள். ஒரு நாள் பொறுத்தால் ஒரு கிளை தப்பிக்கிறது.

துளையிலிருந்து காலியான கூட்டுப்புழுத் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்து பறந்துபோய்விட்டது. அந்தத் தோலையே பத்திரமாக எடுத்து வையுங்கள். அதுவும் சான்றுதான்.

இவை எல்லாவற்றையும் அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுங்கள். முழுச் செடி, கிளை, துளை, எச்சம் என்று நான்கு படங்கள் போதும்.

5. வெட்டுவதும் பிளப்பதும்

துளைக்கு மிக அருகில் வெட்டாதீர்கள். வெட்டும் கத்தரி உள்ளிருக்கும் புழுவையும் சேர்த்து நறுக்கிவிடும். ஒரு சாண் கீழே வெட்டி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுச்சோறு (தண்டின் நடுவிலுள்ள மென்பகுதி) வெண்மையாக, முழுமையாக இருந்தால் புழு மேலே இருக்கிறது. நடுவில் ஓட்டை தெரிந்தால் சுரங்கம் இன்னும் கீழே போகிறது, இன்னொரு சாண் இறங்குங்கள்.

பிளப்பதற்கு ஒரு முறை உண்டு. குச்சியை நீளவாக்கில் நடுவே பிளேடால் அழுத்திப் பிளந்தால் புழு இரண்டாகும். அதற்குப் பதிலாக, எதிரெதிர்ப் பக்கங்களில் ஆழமில்லாமல் இரண்டு நீளக் கீறல்கள் போட்டு, இரு கட்டைவிரல்களாலும் திருகித் திறவுங்கள். குச்சி கீறலோடு பிரியும், புழு முழுதாகக் கிடைக்கும். முற்றிய கிளையானால் ஒரு பக்கத்திலிருந்து சிறிது சிறிதாகச் செதுக்கிக்கொண்டு வாருங்கள்.

புழுவைத் தொடும் முன் சுரங்கத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். உள்ளே எச்சம் இருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா என்று எழுதுங்கள். பிறகு தூரிகையால் புழுவை எடுங்கள். இடுக்கி வேண்டாம், இளம்புழுவின் தோல் கிழிந்துவிடும்.

எலுமிச்சைக் குச்சியில் மட்டும் எதையும் பிளக்காதீர்கள். அங்கே சுரங்கம் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. மேலே இருந்து லென்ஸில் பார்ப்பதே போதும்.

6. இது அந்துப்பூச்சிப் புழுதானா?

குச்சிக்குள் நெளிவதெல்லாம் அந்துப்பூச்சிப் புழு அல்ல. முதலில் தலையைப் பாருங்கள். கெட்டியான பழுப்புத் தலை தெளிவாக இல்லாமல், ஒரு முனை கூம்பி இருந்தால் அது ஈயின் புழு.

தலை உண்டு, ஆனால் கால்களே தெரியவில்லை, உடல் வெண்மையாக வளைந்து கிடக்கிறது என்றால் கூன்வண்டின் புழு. பருத்தியில் தரைக்குச் சற்று மேலே தண்டு முடிச்சுபோல் வீங்கியிருந்தால் அதற்குள் இருப்பது இதுதான். தலை உள்ளே இழுபட்டு, அதற்கு அடுத்த பகுதி உடலைவிட அகன்றிருந்தால் நீள்கொம்பு வண்டு அல்லது பொன்வண்டின் புழு.

அந்துப்பூச்சிப் புழுவுக்கு மார்பில் மூன்று ஜோடி உண்மைக் கால்கள் இருக்கும். வயிற்றின் மூன்றாவது முதல் ஆறாவது கண்டம் (உடல் வளையம்) வரை நான்கு ஜோடியும் கடைசிக் கண்டத்தில் ஒரு ஜோடியுமாகப் போலிக்கால்கள் இருக்கும். துளைக்கும் புழுக்களில் இந்தப் போலிக்கால்கள் குட்டையாகிச் சிறு புடைப்புகளாகத்தான் தெரியும். மேலிருந்து பார்த்து, கால் இல்லை, வண்டுப்புழு என்று எழுதிவிடுகிறார்கள்.

இதற்குத்தான் நிறமற்ற டப்பா. புழுவை அதற்குள் நடக்கவிட்டு, டப்பாவைத் தூக்கி அடியிலிருந்து லென்ஸில் பாருங்கள். போலிக்காலின் பாதத்தில் நுண்ணிய கொக்கிகள் பழுப்புக் கோடாகவோ வளையமாகவோ தெரியும். கொக்கி தெரிந்தால் ஐயம் தீர்ந்தது.

எலுமிச்சையின் சுரங்கப் புழு மட்டும் இந்த விதிக்குள் அடங்காது. அது அந்துப்பூச்சியின் புழுவேதான். ஆனால் தட்டையாகி, கால்களை இழந்து, தோலுக்கு அடியில் சாறு குடித்து வாழ்கிறது.

7. செடிவாரியாகப் பெயரை நெருங்குதல்

*கத்தரி.* குழப்பம் அதிகம் நடப்பது இதில்தான், ஏனென்றால் இரண்டு அந்துகள் இதன் தண்டில் வாழ்கின்றன. இளங்குருத்து வாடி, துளை எச்சத்தால் அடைபட்டு, உள்ளே இளஞ்சிவப்புச் சாயலுள்ள, கரும்பழுப்புத் தலையுள்ள புழு இருந்தால் அது தண்டு மற்றும் காய்த்துளைப்பான், லூசினோடஸ் ஆர்பனாலிஸ். முழு வளர்ச்சியில் சுமார் 15 முதல் 20 மில்லிமீட்டர். அதே செடியில் துளை விழுந்த காயும் இருந்தால் சந்தேகம் மேலும் குறையும்.

நுனி மட்டுமல்லாமல் செடி முழுவதும் வளர்ச்சி குன்றி வாடுகிறது, துளை அடித்தண்டிலோ கவையிலோ இருக்கிறது, புழு வெண்ணெய் நிறம், தலை செம்பழுப்பு என்றால் அது தண்டுத் துளைப்பான், யூசோஃபெரா பெர்டிசெல்லா. இது காய்க்குப் போவதில்லை. கூட்டுப்புழுவாவதும் தண்டுக்குள்ளேதான். முன்னது அப்படியல்ல, வெளியே வந்து சருகிலோ மண்மேலோ கெட்டியான நூல்கூடு கட்டும். இன்னும் ஓர் எச்சரிக்கை: இளம் லூசினோடஸ் புழுவும் வெண்மையாகத்தான் இருக்கும். சிறு புழுவின் நிறத்தை வைத்து இவ்விரண்டையும் பிரிக்காதீர்கள், துளையின் இடத்தை நம்புங்கள்.

*வெண்டை, பருத்தி, செம்பருத்தி, துத்தி.* குருத்துக்குள் குட்டையான, தடித்த, பழுப்பு உடலில் வெண்திட்டுகளும் முதுகில் வெளிர்க்கோடும் உள்ள புழு என்றால் புள்ளிக் காய்ப்புழு, எரியாஸ் விட்டெல்லா. குச்சிக்குள் வாழ்பவற்றில் உடலில் கோலம் உள்ள அரிய புழு இது. உடலெங்கும் விரல்போன்ற சதைமுட்கள் நீட்டித் தெரிந்தால் அதன் உறவான எரியாஸ் இன்சுலானா. இரண்டும் கவிழ்த்த படகின் வடிவில் கெட்டியான கூடு கட்டும். அந்தக் கூட்டைப் பார்த்தால் எரியாஸ் என்று உறுதியாக எழுதலாம்.

பருத்திக் குருத்தில் புழுவைக் கண்டதும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு என்று எழுதுவது வழக்கமான தவறு. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் இடம் பூவும் காயும். குருத்தைத் துளைப்பது புள்ளிக் காய்ப்புழு.

*ஆமணக்கு.* தண்டிலோ காய்க்குலையிலோ எச்சம் நூலில் கோத்துத் திரளாகத் தொங்கினால் இரண்டாவது படியில் சொன்ன மஞ்சள் அந்தின் புழு, கோனோகெத்தஸ் பங்டிஃபெராலிஸ். புழுவின் உடல் வெளிர்ப்பச்சையில் இளஞ்சிவப்பு கலந்தது. ஒவ்வொரு மயிரின் அடியிலும் பழுப்புப் பொட்டு லென்ஸில் பளிச்சென்று தெரியும். ஆமணக்கில் கை வைக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே நத்தைப் புழு இருக்கலாம், அதன் முட்கள் பட்டால் கடுமையாக எரியும்.

*எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு.* இளந்தளிரிலும் பச்சைக் குச்சியிலும் வெள்ளிபோல் மின்னும் வளைவு நெளிவான பாதை, அதன் நடுவே எச்சத்தின் கருங்கோடு. இது ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. புழு சுமார் மூன்று மில்லிமீட்டர்தான், பசுமஞ்சள் நிறம். குச்சியில் மட்டும் தேடி ஐயப்படுபவர்கள் அருகிலுள்ள தளிரைப் பார்த்தால் போதும். இலை விளிம்பு சிறிது மடிந்து ஒட்டியிருந்தால் அதற்குள் கூட்டுப்புழு இருக்கும். பழைய குச்சியில் தோல் உரிந்து தழும்பு மட்டும் மிஞ்சும், அதைச் சொறிநோய் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தும் வரும், ஏனெனில் கிழிந்த தோல் வழியாக நோய்க் கிருமி எளிதில் நுழைகிறது.

*கொய்யா, முருங்கை, மாதுளை.* கிளையின் மேற்பட்டையில் எச்சமும் நூலும் பின்னிய பழுப்பு நாடா ஓடியிருந்தால் பட்டை தின்னும் புழு, இண்டர்பெலா. நாடாவின் வழியே போனால் கவைக்கு அருகில் ஒரு குட்டைத் துளை இருக்கும். பகலில் புழு அங்கே ஒளிந்திருந்து, இரவில் நாடாவுக்கு அடியில் வந்து பட்டையைத் தின்னும். நாடா மட்டும் பார்த்துக் கரையான் என்று சொல்பவர்கள் உண்டு. கரையான் கூரையைத் தட்டினால் மண்ணாக உதிரும், இது துணிபோல் உரிந்து வரும்.

*காபி, தேயிலை.* கிளை வாடி, சுரங்கம் இருந்த இடத்தில் முறிந்து தொங்குகிறது, அடியில் எச்ச உருண்டைகள், உள்ளே சிவந்த உடலும் கருந்தலையும் உள்ள புழு என்றால் சிவப்புத் துளைப்பான், சூசீரா காஃபியே. நான்கு சென்டிமீட்டர் வரை வளரும். ஏற்காட்டிலும் நீலகிரியிலும் தோட்டத் தொழிலாளர்கள் கிளையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

8. இன்னும் ஐயம் இருந்தால் மயிரும் கொக்கியும்

இதற்கு நுண்ணோக்கி இருந்தால் நல்லது. பெரிய புழுவானால் லென்ஸே போதும். தலைக்கு அடுத்த கண்டத்தில், பக்கவாட்டில், மூச்சுத்துளைக்கு முன்னால் எத்தனை மயிர்கள் என்று எண்ணுங்கள். லூசினோடஸ், யூசோஃபெரா, கோனோகெத்தஸ் ஆகியவற்றின் குழுவில் இரண்டு இருக்கும். சூசீராவின் குடும்பத்தில் மூன்று.

போலிக்காலின் கொக்கிகள் வளையமாக நிற்கின்றனவா, உட்பக்கத்தில் ஒரே வரிசையாக நிற்கின்றனவா என்றும் பாருங்கள். இரண்டு மயிரோடு வளையமும் இருந்தால் லூசினோடஸ் முதலியவற்றின் குழு. வரிசை என்றால் எரியாஸ். இவ்விரண்டு குறிகளும் நிறத்தைப்போல் உணவுக்கும் வயதுக்கும் ஏற்ப மாறுவதில்லை.

உடல் நீளத்தை வயதுக்கு அளவாகக் கொள்ளாதீர்கள். புழு நீளும், சுருங்கும். தலையின் அகலத்தை அளந்து எழுதுங்கள். ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே அது மாறாது.

9. வளர்த்து அந்தைப் பாருங்கள்

புழுவைக் கொண்டு சொன்ன பெயர் ஓர் ஊகம். அந்து வெளிவந்தால்தான் அது உறுதியாகும். எனவே ஒரே மாதிரியான குச்சிகள் ஐந்து கிடைத்தால் இரண்டை மட்டும் பிளந்து, மூன்றை வளர்க்க வையுங்கள். எல்லாவற்றையும் ஆர்வத்தில் பிளந்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு.

குச்சியின் வெட்டுமுனையில் ஈரப்பஞ்சு சுற்றி, அகன்ற வாய்ப் போத்தலில் வைத்து, மெல்லிய துணியால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். போத்தலின் மூடியை இறுக்கிவிட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். எறும்பு வராமல் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள்.

கத்தரிப் புழுவுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிய குருத்தோ கத்தரிக்காய்த் துண்டோ கொடுங்கள். கூடு கட்ட அடியில் காய்ந்த சருகு வேண்டும். சருகு இல்லாவிட்டால் அது போத்தல் முழுவதும் அலைந்து களைத்துச் சாகும். கூடு கட்டிய பின் ஏழு முதல் பத்து நாளில் அந்து வரும். வெள்ளை இறக்கையில் பழுப்பும் இளஞ்சிவப்புமான திட்டுகள் இருக்கும், உட்காரும்போது வயிற்றின் நுனியை மேலே தூக்கி வளைத்துக்கொள்ளும். யூசோஃபெராவின் முன்னிறக்கை சாம்பல் பழுப்பு.

எரியாஸ் புழு வெண்டைக்காய்த் துண்டில் நன்றாக வளரும். விட்டெல்லாவின் முன்னிறக்கையில் வெளிர் நிறத்தின் நடுவே பச்சைப் பட்டை, இன்சுலானாவில் முழுப் பச்சை. கோனோகெத்தஸ் மஞ்சள் இறக்கையில் கரும்பொட்டுகள் தூவியது. எலுமிச்சைக்குத் தளிரோடு குச்சியை வைத்தால் போதும். வெளிவரும் அந்து மிகச் சிறியது, வெள்ளி வெண்மையில் இறக்கை நுனியில் ஒரு கரும்புள்ளி.

சூசீராவை வீட்டில் வளர்ப்பது கடினம். அதன் புழுப்பருவம் மாதக்கணக்கில் நீளும், வெட்டிய கிளை அதற்கு முன் காய்ந்துவிடும். உரிமையாளர் சம்மதித்தால் கிளையைச் செடியிலேயே விட்டு, துளைப் பகுதியைச் சுற்றிக் கம்பி வலை கட்டுங்கள். வெள்ளை இறக்கையில் நீலக்கருமைப் புள்ளிகளோடு அந்து வருவதைப் பார்க்கக் காத்திருப்பது வீண்போகாது.

அந்துக்குப் பதில் மெல்லிய குளவி வெளிவந்தால் தோல்வி என்று தூக்கி எறியாதீர்கள். புழுவுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்திருக்கிறது. கத்தரிப் புழுவில் ட்ராத்தலா ஃப்ளேவோஆர்பிடாலிஸ் என்னும் குளவி அப்படி வரும். அது விவசாயிக்கு நண்பன், அந்தத் தோட்டத்தில் அது இருக்கிறது என்பதே அவருக்குச் சொல்ல வேண்டிய நல்ல செய்தி.

10. பாதுகாப்பதும் எழுதி வைப்பதும்

புழுவை நேராக ஸ்பிரிட்டில் போட்டால் கறுத்துச் சுருங்கும். கொதித்து இறக்கிய நீரில் அரை நிமிடம் இட்டு, அது நீண்டு விறைத்ததும் 70 முதல் 80 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். நிறம் எப்படியும் மங்கும், அதனால் உயிரோடு இருக்கும்போதே படமெடுத்திருக்க வேண்டும்.

பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு ஒரு மழைக்காலத்தில் உதிர்ந்துவிடும். தேதி, ஊர், செடி, துளையின் இடம், எடுத்தவர் பெயர், படத்தின் எண் ஆகியவை அதில் இருக்கட்டும்.

பெயர் எழுதும்போது எந்தச் சான்றில் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: "துளை, எச்சம் மட்டும்", "புழு", "அந்து வளர்த்துப் பார்த்தது". முதல் வகையாக இருந்தால் கத்தரிக்கு "லூசினோடஸ் அல்லது யூசோஃபெரா" என்று நிறுத்திக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை. பின்னால் வருபவர் உங்கள் குறிப்பை எவ்வளவு நம்பலாம் என்று அறிவதற்கு இதைத் தவிர வேறு வழியில்லை.

பிளந்த குச்சிகளையும் மிச்சப் புழுக்களையும் வரப்பில் வீசிவிட்டு வராதீர்கள். அவை ஊர்ந்து அடுத்த செடிக்குப் போகும். சோப்புத் தண்ணீர் வாளியில் மூழ்கவிட்டு, அதன் பிறகு தோட்டக்காரரிடம் என்ன கண்டீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.